முள்ளை அகற்றுவோம்

(நம் பங்கின் வெள்ளிவிழா நிறைவு நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் பழைமை பேசுவது மரபு. தகரக் கொட்டகையில் தொடங்கிய திருப்பலி, மழையில் நனைந்துகொண்டே நின்ற மக்கள், செங்கல் சுமந்த தாய்மார்கள் என்று பேசுவதற்கு நிறைய உண்டு. அவையெல்லாம் விழா மலரில் விரிவாக வந்திருக்கின்றன. ஆகவே இன்று நாம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். இரவு எட்டு மணிக்கு நம் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி பஸ்ஸை விட்டு இறங்கி, தன்னந்தனியாக, அஞ்சாமல் இந்த ஆலயம்வரை நடந்து வர முடியுமா? முடியும் என்றால் இந்த விழாவுக்குப் பொருள் உண்டு. முடியாது என்றால், நாம் எழுப்பிய கோபுரம் எவ்வளவு உயரமாயிருந்து என்ன பயன்?

நம் ஊர் எப்படி மாறியிருக்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சந்திரசூடேசுவரர் மலையும், இராமநாயக்கன் ஏரியும், சுற்றிலும் ராகி வயலும் பூந்தோட்டமுமாக இருந்த ஓசூர், 1970களில் சிப்காட் வந்தபின் தொழில் நகரமாயிற்று. 1980களில் அசோக் லேலண்டும், டி.வி.எஸ்.சும், டைட்டனும் இங்கே பெருந்தொழில் வளர்த்தன. 2004ஆம் ஆண்டில் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சியாயிற்று. அன்று வேலை தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இன்றோ கைப்பேசி உதிரிபாகம் செய்பவர்களும், மின் இணைப்புக் கம்பிகளைப் பூட்டுபவர்களும், காலணி தைப்பவர்களும், ரோஜா பறிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை ஒன்று முழுக்க முழுக்கப் பெண்களைக் கொண்டே நடத்தப்படும் என்று 2021ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று அரசின் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டுகிறது.

இவர்கள் பகலில் மட்டும் வேலை செய்பவர்கள் அல்லர். மாலை ஏழு மணிக்குமேல் காலை ஆறு மணிவரை பெண்களுக்குத் தொழிற்சாலை வேலை கூடாது என்று 1948ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. அந்தத் தடை சமத்துவத்துக்கு மாறானது என்று 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்போடு நிபந்தனைகளையும் விதித்தது. பெண்களை வீட்டிலிருந்து அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவிட வாகன வசதி வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பெரிய கம்பெனிகளின் பஸ்கள் வருகின்றன, உண்மைதான். ஆனால் அந்தப் பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. மெயின் ரோட்டிலிருந்து வீட்டு வாசல்வரை உள்ள தூரம் யாருடைய பொறுப்பு? சிறு பட்டறைகளில் வேலை செய்யும் பெண்ணுக்கு அந்தப் பஸ்ஸும் இல்லையே! கம்பெனி கேட்டுக்குள் நடப்பதற்கு முதலாளி பதில் சொல்வார்; வீட்டுக்குள் நடப்பதற்குப் பெற்றோர் பதில் சொல்வார்கள். இடையிலுள்ள தெருவுக்குப் பதில் சொல்வார் யார்?

இதற்கு நம் முன்னோர் ஒரு பழமொழியில் விடை சொல்லிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். சேலை முள்ளில் பட்டாலும், முள் சேலையில் பட்டாலும் சேதம் சேலைக்குத்தான் என்பதே அப்பழமொழி. பெண்பிள்ளை வெளியே கிளம்பும்போதெல்லாம் இதைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். சேதம் யாருக்கு என்பதைப் பழமொழி சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் என்ன? சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டு என்பதுதானே? பொது வழியில் முள் எதற்கு, அதை வெட்டி எறிந்தால் என்ன என்று நாம் கேட்டதே இல்லை.

இப்படிச் சொல்லும் நாமே அந்தத் தவற்றைச் செய்தவர்கள். அதை இம்மேடையில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் பெற்றே, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்லுகிறோம். யார், எந்தத் தெரு என்று தயவுசெய்து எவரும் ஆராய வேண்டாம்.

சில ஆண்டுகளுக்குமுன் திருவருகைக் காலத்தில், கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பள்ளி மாணவி ஒருத்தி திடீரென வருவதை நிறுத்திவிட்டாள். நல்ல குரல் வளம் உள்ள பிள்ளை. விசாரித்தபோது தாயார் வந்தார்.

“சாமி, மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பேர் தினமும் பின்னாலயே வர்றானுங்க. கல்லறைத் தோட்டத்துச் சுவர்கிட்ட வந்ததும் வண்டியைக் குறுக்க நிறுத்துறானுங்க. இனிமே பிள்ளையை அனுப்ப எனக்கு தைரியம் இல்லை சாமி” என்றார்.

அதற்கு நாம் தந்த மறுமொழி என்ன தெரியுமா? “சரிம்மா, பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும். மாலைப் பயிற்சியைப் பையன்களோடு மட்டும் வைத்துக்கொள்கிறோம். பெண்பிள்ளைகள் ஞாயிறு பூசை முடிந்ததும் கொஞ்ச நேரம் பாடிப் பார்க்கட்டும்” என்றோம். மிகவும் பொறுப்போடு நடந்துகொண்டதாக எமக்கு உள்ளூர ஒரு திருப்தி வேறு!

அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையே வந்து நின்றாள். “சாமி, வழியை மறிச்சது அவங்க. பாட்டு மட்டும் எனக்கு எதுக்கு நின்னுபோச்சு?” என்று கேட்டாள். குருமடத்தில் மெய்யியல் மூன்றாண்டு, இறையியல் நான்காண்டு படித்தோம். அந்தக் கேள்விக்கு எம்மிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியே எம்மைச் சட்டத்தையும் தீர்ப்புகளையும் தேடிப் படிக்க வைத்தது. அப்படிப் படித்ததில் இரண்டு செய்திகளை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, 1998ஆம் ஆண்டு ஜூலையில் சென்னையில் நடந்தது. ஆட்டோவில் வந்த இளைஞர் சிலருடைய சேட்டையால் கீழே விழுந்த கல்லூரி மாணவி ஒருவர் தலையில் அடிபட்டு உயிரிழந்தார். விளையாட்டு, கேலி, கிண்டல் என்று நாம் லேசாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஓர் உயிரைப் பறித்துவிட்டது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதன் விளைவாக, பொது இடங்களில் பெண்களைத் தொல்லை செய்வதைத் தடுக்க அந்த ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் பிறந்தது. 2025 ஜனவரியில் அதன் தண்டனைகளைச் சட்டமன்றம் மேலும் கடுமையாக்கியது.

இரண்டாவது, 1999ஆம் ஆண்டு ஜூலையில் ஓர் இரவு தென்காசியில் நடந்தது. பஸ்ஸுக்காகக் கணவரோடு காத்துநின்ற பெண்ணிடம் ஒருவர் முறைகேடாக நடந்துகொண்டார். அவர் யார்? ஒரு காவலர்! ஆம், காக்க வேண்டியவரே தொல்லை தந்தார். துறை விசாரணையில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். குற்றவியல் வழக்கிலோ, பாதிக்கப்பட்டவர்களே சாட்சி சொல்வதிலிருந்து பின்வாங்கியதால் விடுதலையானார். உயர்நீதிமன்றம் பணிநீக்கத்தையும் ரத்து செய்தது. முடிவில் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2012 நவம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் பணிநீக்கம் சரியே என்று தீர்ப்பளித்தது. அத்தோடு நில்லாமல், நாடு முழுமைக்கும் சில கட்டளைகளையும் பிறப்பித்தது.

அவை என்ன? பஸ் நிலையம், ரயில் நிலையம், சினிமாக் கொட்டகை, பூங்கா முதலிய இடங்களில் சாதாரண உடையில் பெண் போலீசாரை நிறுத்த வேண்டும். முக்கியமான இடங்களில் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும். பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸை நேரே போலீஸ் நிலையத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும்; தவறினால் வாகனத்தின் பெர்மிட்டையே ரத்து செய்யலாம். வேடிக்கை பார்க்கிற வழிப்போக்கனுக்கும் தகவல் சொல்லும் பொறுப்பு உண்டு. இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. கல்விக்கூடங்கள், வழிபாட்டு இடங்கள், திரையரங்குகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் தங்கள் வளாகத்துக்குள் இத்தொல்லையைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். புகார் வந்தால் அதைக் காவல் நிலையத்துக்கோ பெண்கள் உதவி மையத்துக்கோ தெரிவிக்க வேண்டும்.

வழிபாட்டு இடங்களின் பொறுப்பாளர்கள்! அந்த வரியைப் படித்தபோது எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. கோவிலுக்குப் பூசாரி, மசூதிக்கு முத்தவல்லி, ஆலயத்துக்குப் பங்குத்தந்தை. நாட்டின் உச்சநீதிமன்றம் நம்மைப் பெயர் சொல்லி அழைக்காத குறைதான். நாமோ புகார் சொல்ல வந்த தாயாரிடம், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அதன்பின் நாம் செய்த முதல் காரியம் ஒரு நடை. 1989ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரப் பெண்கள் தொடங்கிவைத்த முறை அது. பெண்களே இருட்டிய பிறகு கூட்டமாக ஒரு தெருவில் நடந்து, எங்கே அச்சம் தோன்றுகிறது, ஏன் தோன்றுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பின்னாளில் டெல்லியிலும் உலகின் பல நகரங்களிலும் இம்முறை பரவியது. இதற்குச் செலவு கிடையாது. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். நம் மாதர் சங்கத்தாரும், மரியாயின் சேனையினரும், விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகள் சிலரும் ஓர் இரவு பஸ் நிறுத்தத்திலிருந்து ஆலயம்வரை நடந்தார்கள். ஆண்களாகிய நாங்கள் வாய் திறப்பதில்லை என்ற நிபந்தனையோடு பின்னால் நடந்தோம்.

அன்றுவரை தினமும் நாம் நடந்த தெருதான் அது. ஆனால் அன்றுதான் அதைக் கண்டோம் என்று சொல்ல வேண்டும். மூலையில் கண்ணைப் பறிக்கிற பெரிய விளக்கு ஒன்று. அதைத் தாண்டினால் கும்மிருட்டு. விளக்கு இருக்கிறதே, பிறகென்ன என்று நாம் எண்ணியிருந்தோம். தொழிற்சாலைப் பெண் ஒருத்தி சொன்னாள்: “அந்த விளக்குக்குக் கீழ நிக்கிறவளை எல்லாரும் பார்க்கலாம். அவளால எவனையும் பார்க்க முடியாது.” பெரிய விளக்கு ஒன்றைவிட, விட்டு விட்டு எரியாமல் வழி நெடுகச் சீராக எரியும் சிறிய விளக்குகளே பெண்களுக்குத் துணை என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

பஸ் நிழற்குடையின் மூன்று பக்கமும் விளம்பரப் பலகை அடைத்திருந்தது. உள்ளே யார் இருக்கிறார் என்பது அருகில் போகும்வரை தெரியாது. அதற்குப் பக்கத்திலேயே மதுக்கடை. பொதுக் கழிப்பறை பொழுது சாய்ந்ததும் பூட்டப்பட்டுக் கிடந்தது. அதனால் மாலை ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்று அன்றுதான் தெரிந்தது. காலி மனையில் ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம். பழமொழியின் முள் உவமையாக மட்டும் இல்லை, உண்மையாகவே வழியில் நின்றது!

இருட்டிலேயே பெரிய இருட்டு எங்கே இருந்தது தெரியுமா? நம்முடைய கல்லறைத் தோட்டத்துச் சுவரின் ஓரத்தில்தான். உங்கள் காணிக்கைப் பணத்தில், திருடர் பயத்துக்காக, ஏழடி உயரத்தில் நாம் கட்டிய சுவர். ஒரு வாசல் இல்லை, ஒரு ஜன்னல் இல்லை. இறந்தவர்களுக்குப் பாதுகாப்புச் செய்துவிட்டு, உயிரோடு நடந்து வருகிற பிள்ளைகளுக்குப் பொறி வைத்துவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆலய வாசலில் பூ விற்கும் அக்காவும், பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் அம்மாவும் அழகைக் கெடுக்கிறார்கள் என்று, அவர்களை அகற்றும்படி மாநகராட்சிக்கு மனு எழுதித் தயாராக வைத்திருந்தோம். அன்றைய நடையில் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “பூக்கார அக்கா உக்காந்திருக்கிற வரைக்கும் பயமில்லை சாமி. அவங்க கூடையைத் தூக்கிட்டா தெருவே செத்துப்போகும்.” அந்த மனுவை அன்றிரவே கிழித்துப் போட்டோம். தெருவைக் காப்பது தெருவிலிருக்கும் மனிதர்களின் கண்கள். கேமரா நடந்ததைக் காட்டும். பூக்கார அக்காவோ நடக்கும்போதே சத்தம் போடுவார்.

சத்தம் மட்டுமல்ல, அவர் உண்மையையும் சொன்னார். மோட்டார் சைக்கிளில் வந்த இருவரை அவருக்குத் தெரிந்திருந்தது. அவர்களுள் ஒருவன் நம் பங்குப் பிள்ளை. நம் கையால் புதுநன்மை வாங்கியவன். வாலிபனின் தகப்பனாரிடம் போய்ச் சொன்னோம். “வயசுப் பையன், விளையாட்டா செஞ்சிருப்பான். இதைப் போய்ப் பெரிசு பண்ணாதீங்க சாமி” என்றார். பாதிக்கப்பட்டவள் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை. இத்தகைய காரியம் தெரிந்தபின் போலீசுக்குத் தகவல் தராமலிருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். தாயாரோடு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குச் சென்று எழுதிக் கொடுத்தோம். அந்தத் தகப்பனார் அதன்பின் வெகுநாள் நம்மோடு பேசவில்லை. அந்தக் குடும்பம் பூசைக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டது. அது எமக்கு வேதனைதான். ஆயினும் அன்று நாம் மௌனமாயிருந்திருந்தால், இந்தப் பலிபீடத்தில் நின்று அந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்த்திருப்போம்?

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நாம் எல்லையில் வாழும் மக்கள். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. மாநிலம் வேறு, போலீஸ் வேறு, மொழி வேறு. நம் பிள்ளைகள் பொம்மசந்திராவுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் தினமும் போய் வருகிறார்கள். பஸ்ஸில் தொல்லை நடந்தது எல்லைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்று கேட்டே புகாரைத் தட்டிக்கழிக்கும் வழக்கம் முன்பு இருந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். அவர்கள் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று இதைச் சொல்வார்கள். நம் ஊர் எல்லை இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால், இதைச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்த ஊர் இது. இன்று ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், அசாம் மாநிலங்களிலிருந்தும் இளம்பெண்கள் வந்திருக்கிறார்கள். ஆபத்தென்று கத்தினாலும் எந்த மொழியில் கத்துவது என்று தெரியாத பிள்ளைகள். இவர்களை நினைக்கும்போது விவிலியத்தின் ரூத்து நினைவுக்கு வருகிறார். மோவாபு நாட்டிலிருந்து பிழைக்க வந்த அயலூர்ப் பெண். பிறர் வயலில் சிந்திய கதிர் பொறுக்கினாள். வயலின் சொந்தக்காரரான போவாசு, அவள் புகார் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. அவளைத் தொந்தரவு செய்யலாகாது என்று தன் வேலையாட்களுக்கு முன்கூட்டியே கட்டளையிட்டார். தாகமெடுத்தால் குடிக்கத் தண்ணீருக்கும் வழி சொன்னார். இன்றைய முதலாளிமார்களுக்கும், ஒப்பந்தக்காரர்களுக்கும், வீட்டு உரிமையாளர்களுக்கும் அதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

வீட்டு உரிமையாளர்கள் என்று சொன்னது காரணத்தோடுதான். 2025 நவம்பரில் ஓசூர் அருகே பெண் தொழிலாளர் விடுதி ஒன்றின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டெடுக்கப்பட்டதும், ஏராளமான பெண்கள் இரவில் திரண்டு போராடியதும் நீங்கள் அறிந்ததே. அந்தப் பிள்ளைகள் ஒன்றாகக் குரல் எழுப்பியதால்தான் நாடு திரும்பிப் பார்த்தது. அதைக் கண்டு பதறினோம். ஆனால் நம் பங்கிலேயே மாடி அறைகளைப் பெண்களுக்கு விடுதியாக விட்டிருப்பவர்கள் பலர் உண்டு. பெண்கள் விடுதி நடத்த உரிமம் பெற வேண்டும் என்று 2014ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. உங்களில் எத்தனை பேர் உரிமம் பெற்றிருக்கிறீர்கள்? கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் உண்டா? படிக்கட்டில் விளக்கு உண்டா? வாடகை வாங்கும் கைக்கு இந்தக் கடமையும் உண்டு என்பதை மறந்துவிடலாகாது.

அயல்நாடுகளில் செய்திருப்பவற்றுள் நமக்கு உதவக்கூடிய இரண்டைச் சொல்லுகிறோம். கனடாவின் மாண்ட்ரியால் நகரில் 1996ஆம் ஆண்டு முதல், இரவில் தனியே பயணம் செய்யும் பெண் கேட்டால், இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே அவள் வீட்டுக்கு அருகில் பஸ்ஸை நிறுத்துகிறார்கள். இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. நம் டவுன் பஸ்களில் 2021 மே மாதம் முதல் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அது பெரிய உதவி. அதோடு இதையும் சேர்த்தால் எத்தனை தாய்மார் நிம்மதியாகத் தூங்குவார்கள்! ஆஸ்திரியாவின் வியன்னா நகரிலோ, பத்து வயதை நெருங்கியதும் பெண்பிள்ளைகள் பூங்காவுக்கு வருவதை நிறுத்திவிடுவதை 1990களில் கண்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, பூங்காவைத் திருத்தினார்கள். வாசல்களை அதிகமாக்கி, ஒரே பெரிய மைதானத்தைச் சிறு சிறு இடங்களாகப் பிரித்தார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நம் ஆலய மைதானத்தைப் பாருங்கள்: மாலையானால் ஒரு கிரிக்கெட் ஆட்டமே முழு இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. பெண்பிள்ளைகள் சுவரோரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். மைதானம் அவர்களுக்கும் உரியதல்லவா?

வாலிபர்களே, உங்களோடு ஒரு வார்த்தை. உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் வரவில்லை. உங்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். ஆனால் நல்லவர்கள் பேசாமல் இருப்பதால்தான் கெட்டவன் துணிகிறான். நண்பன் ஒருவன் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து விசிலடிக்கும்போது நீங்கள் சிரித்தால், அவனுக்குப் பாதித் துணிச்சலைக் கொடுத்தவர் நீங்களே. சிரிக்காதீர்கள், அதுவே முதல் தடுப்பு. “டேய், விடுடா” என்று ஒரு சொல் சொல்லுங்கள். அந்தப் பெண்ணிடம் போய், “அக்கா, பஸ் வரும்வரை நாங்கள் இங்கேயே நிற்கட்டுமா?” என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

பெற்றோர்களே, பெண்பிள்ளை ஒரு தொல்லையைச் சொல்லும்போது, நீ ஏன் அந்த வழியாகப் போனாய் என்று முதலில் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பெண் வீட்டுக்கு வரும் நேரத்தைக் கணக்கிடும் நீங்கள், மகன் எங்கே நிற்கிறான் என்றும் கேட்டுப் பழகுங்கள்.

குருக்களாகிய எங்களுக்கும் இது பொருந்தும். ஆலயத்திலோ, மறைக்கல்வி வகுப்பிலோ, குருக்கள்மீதே புகார் எழுந்தால் என்ன செய்வது? அதை மூடி மறைப்பது திருச்சபையைக் காப்பதாகாது. இத்தகைய புகார்களைப் பெற ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் வழிமுறை இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டில் விதித்தார். நாட்டின் சட்டம் மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே எங்களுக்கும். இதை இம்மேடையில் நாங்களே சொல்லாவிட்டால், மற்றவர்களுக்குப் போதிக்க எங்களுக்கு உரிமை இல்லை.

ஆகவே, வெள்ளிவிழாவின் நினைவுச் சின்னமாகப் பங்குப் பேரவை எடுத்துள்ள முடிவுகளைக் கூறி அமர்கிறோம்.

முதலாவதாக, கல்லறைத் தோட்டத்துச் சுவர் இடுப்பளவுக்குக் குறைக்கப்பட்டு, மேலே கம்பி வேலி அமைக்கப்படும். ஓரம் முழுவதும் விளக்குகள் போடப்படும். புதிய பளிங்குப் பீடத்துக்கென ஒதுக்கிய தொகையிலிருந்தே இச்செலவு செய்யப்படும். இதில் சிலருக்கு மனவருத்தம் உண்டென்று அறிவோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, ஆலய வளாகத்துக் கழிப்பறை இரவு பத்து மணிவரை, எந்த மதத்துப் பெண்ணாயிருந்தாலும், அவர்களுக்குத் திறந்திருக்கும்.

மூன்றாவதாக, பூக்கார அக்காவும் பஜ்ஜிக் கடை அம்மாவும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்; அவர்களுக்கு ஆலயத்திலிருந்து ஒரு விளக்கு இணைப்பும் தரப்படும்.

நான்காவதாக, மைதானத்தில் வாரத்தில் மூன்று மாலைகள் பெண்பிள்ளைகளுக்கே உரியவை.

ஐந்தாவதாக, திருவிழா, தேர்ப்பவனி, கிறிஸ்துமஸ் இரவு ஆகிய வேளைகளில் புகார் பெற இரண்டு பெண்களும் ஓர் ஆணும் அடையாளப் பட்டையோடு வாசலில் நிற்பார்கள். 181 பெண்கள் உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண், 112 அவசர எண் ஆகியவை தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகிய நான்கு மொழிகளிலும் வாசலில் எழுதப்படும்.

ஆறாவதாக, அந்த இரவு நடை ஆண்டுக்கு இருமுறை நடைபெறும். குறித்தவற்றை மாநகராட்சிக்கும், போக்குவரத்துக் கழகத்துக்கும், காவல் நிலையத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, விடை வரும்வரை விடமாட்டோம். காலி மனையின் சீமைக்கருவேலத்தை வரும் சனிக்கிழமை காலை நாமே வெட்டுகிறோம். மனைக்காரர் சம்மதம் கொடுத்துவிட்டார். அரிவாள், மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். பங்குத்தந்தையும் வருவார்.

அன்பார்ந்தவர்களே, நாட்டை இழந்து திரும்பி வந்த மக்களுக்கு இறைவாக்கினர் செக்கரியா ஒரு காட்சியை வரைந்து காட்டினார். மீண்டும் வாழ்வு பெறும் எருசலேம் எப்படியிருக்கும் என்று சொல்ல வந்தவர், மதிலின் உயரத்தையோ கோவிலின் பொன்னையோ அவ்விடத்தில் சொல்லவில்லை. கைத்தடி பிடித்த முதியவர்களும் மூதாட்டிகளும் தெருவில் உட்கார்ந்திருப்பார்கள்; சிறுவர் சிறுமியர் தெருக்களில் விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்றார். சிறுமியர் தெருவில் விளையாடுவதும் மூதாட்டி தெருவில் உட்கார்ந்திருப்பதும் அவர் பார்வையில் கடவுள் குடிகொண்ட ஊரின் அடையாளம். பொன்விழாவுக்கு இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் உள்ளன. அந்நாள்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லையே என்று நினைப்பீர்கள். அவள் மீண்டும் பாட வந்தாள். தனியாக வரவில்லை, தெருவிலிருந்து இன்னும் நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். மாலைப் பயிற்சி இப்போது எல்லாருக்கும் ஒன்றாகவே நடக்கிறது. அவள் கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் முழு விடை சொல்லிவிடவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, அந்த முட்புதர் முன்னால், விடை சொல்லத் தொடங்குவோம்.

இறைவன் நம் வழிகளைக் காப்பாராக. நம் வழிகளில் நடக்கும் அனைவரையும் காக்கும் மனத்தை நமக்கும் தருவாராக.